சிக் லீவ் போட்டால் விசா போகாது, சிஸ்டர்

இங்கிலாந்து வந்து ஐந்து மாதம், என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில் மெடிக்கல் வார்டு. டியூட்டி முடிந்து பஸ் ஏறியதுமே அழுகை, பெல் அடித்தாலே நோயாளி மேல் எரிச்சல், லீவு போட்டால் விசா போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகாது. சம்பளமில்லா லீவு வருடத்தில் நான்கு வாரத்தைத் தாண்டினால்தான் உங்கள் விசாவுக்கு வேலை கொடுத்தவர் தரும் ஸ்பான்சர்ஷிப்புக்குச் சிக்கல். உடம்பு முடியாமல் எடுப்பது அந்தக் கணக்கில் வராது. முதல் வருடத்திலேயே ஒரு மாதம் முழுச் சம்பளமும், பிறகு இரண்டு மாதம் பாதிச் சம்பளமும் உண்டு. முதல் 7 நாளுக்கு நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும், அதற்குமேல் ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று வேண்டும்.

வார்டுக்கு ஃபோன் செய்யும்போதுதான் நம் பிள்ளைகள் தவறுகிறார்கள். கூச்சப்பட்டு இன்று வயிற்றுவலி, அடுத்த வாரம் தலைவலி என்பார்கள். பல ட்ரஸ்டுகளில் (ஆஸ்பத்திரிகளை நடத்தும் என்எச்எஸ் நிர்வாகங்கள்) எத்தனை நாள் என்பதோடு எத்தனை தடவை என்றும் எண்ணுவார்கள். துண்டு துண்டாகப் போட்டால் சீக்கிரமே லீவு பற்றி மேனேஜர் விசாரிக்கும் சிக்னஸ் மீட்டிங்கில் உட்கார வேண்டிவரும். 'வேலையால் வந்த ஸ்ட்ரெஸ்' என்றே சொல்லுங்கள். அப்படிப் பதிவானால்தான் ஊழியர் நலம் பார்க்கும் ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கு அனுப்பச் சொல்லவும், வேலையில் எது அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் ரிஸ்க் அசெஸ்மென்ட் கேட்கவும் பிடிமானம் இருக்கும். மேனேஜரிடம் வாயால் கேட்காதீர்கள், ஈமெயில் போடுங்கள்.

அடுத்தது ரோட்டா, அதாவது டியூட்டி அட்டவணை. வாரம் 37.5 மணி நேரம் என்றால் நான்கு வாரத்துக்கு 13 லாங் டே (காலை முதல் இரவு வரை ஒரே ஷிஃப்ட்). அதற்கே உடம்பு தாங்காது. ஊர்க் கடனுக்காக மேலே நான்கு பேங்க் ஷிஃப்ட் (கூடுதல் சம்பளத்துக்கான ஷிஃப்ட்) எடுத்தால் 17. இரவு 8 மணிக்கு முடிந்து காலை 7.30க்குத் திரும்ப வந்தால் இடைவெளி பதினொன்றரை மணி நேரம். சட்டப்படி 11 வேண்டும். நோட்ஸ் எழுத 8.45 வரை உட்கார்ந்தால் அதுவும் போச்சு, பஸ் நேரம் வேறு. இரண்டு மாதம் பேங்க்கை நிறுத்துங்கள். தொடர்ந்து இரண்டு லாங் டேக்கு மேல் வேண்டாம் என்று கேளுங்கள்.

அந்த எரிச்சலால் நீங்கள் கெட்ட நர்ஸ் ஆகிவிடவில்லை. சோர்வு, வேலைமேல் வெறுப்பு, 'என்னால் முடியவில்லை' என்ற எண்ணம்: உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டுக்கு (வேலை அழுத்தத்தால் வரும் சோர்வு நிலை) சொல்லும் மூன்று அடையாளங்களில் இரண்டாவது அது. ஆனாலும் ஜிபியிடம் (உங்கள் குடும்ப டாக்டர்) தைராய்டு, இரும்புச்சத்து டெஸ்ட் கேளுங்கள். டிப்ரஷன் என்ற மனச்சோர்வு நோயும் இப்படித்தான் தெரியும். என்எச்எஸ்ஸின் மனநல ஆலோசனைச் சேவையான டாக்கிங் தெரபீஸில் நீங்களே பெயர் கொடுக்கலாம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே என்எச்எஸ் உதவி எண் 111 அழைத்து 2ஐ அழுத்துங்கள்.

ராஜினாமா மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். வழக்கமாக விசாவை 60 நாளாகக் குறைத்துவிடுவார்கள். ஒப்பந்தத்தில் பணம் திருப்பிக் கட்டும் ஷரத்தும் இருக்கலாம். அதே ட்ரஸ்டில், அதே நர்ஸ் வேலையில் வார்டு மாறப் புது விசா வேண்டியதில்லை. அவுட்பேஷன்ட், டே சர்ஜரி காலியிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.