கல்லைக் கழுவ என்ன வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அஜந்தா போயிருந்தபோது வெளியே கடையில் ஒரு படிகக் கல் வாங்கினேன். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்னப் படிகங்கள், நடுவில் தேன் நிறத்தில் பெரியதாக ஒன்று. மேலே துருப் போன்ற பழுப்புக் கறை இருந்ததால் இரவு முழுக்க வினிகரில் ஊறப் போட்டேன். கறை அப்படியே இருக்கிறது. தேன் நிறப் படிகம் மட்டும் பளபளப்புப் போய்ச் சொரசொரப்பாகிவிட்டது. போலிக் கல்லைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? (கோவை வாசகி)

ஏமாற்றவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தத் தேன் நிறப் படிகம் கால்சைட். சுண்ணாம்புக் கல்லும் கால்சைட்டும் ஒரே பொருள்தான். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அதைக் கரைக்கும். ஒரே இரவில் இந்தத் துருவை அசைக்கும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. அதனால்தான் கறை நின்றது, கல் போனது. கரைந்த முகம் இனித் திரும்பாது. பாலிஷ் போட்டால் மினுங்கும். ஆனால் அது இயற்கையான படிக முகமாக இருக்காது.

மகாராஷ்டிரத்தில் ஜல்காவ், நாசிக், புனே பகுதிகளில் எரிமலைப் பாறைக் குவாரிகள் நிறைய. பாறையின் குழிவுகளில் ஸ்டில்பைட், ஹியூலண்டைட், அபோபிலைட், கால்சைட், குவார்ட்ஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்திருக்கும். ஒரே துண்டில் மூன்று நான்கு கனிமங்கள் சாதாரணம். ஆகவே அதில் எது மிக மென்மையானதோ, அது தாங்குமா என்று பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்குப் போகும்போது கறையைச் சொல்லி மருந்து கேட்காதீர்கள்.

அடையாளம் காண ஒரு பேனாக்கத்தி போதும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் கீறுங்கள். 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டின் கடினம் 3, ஸ்டில்பைட் 3.5 முதல் 4, அபோபிலைட் 4.5 முதல் 5. இவை கத்திக்குக் கீறல் விழும். குவார்ட்ஸ் 7, அதில் கத்திதான் மழுங்கும். கீறி வந்த தூளில் ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் அது கால்சைட்.

கேள்வி: அப்படியென்றால் இந்த மாதிரிக் கலப்புக் கல்லில் துருக்கறையை எடுக்க வழியே இல்லையா? (அதே வாசகி)

இருக்கிறது. வேண்டிய பொருளும் உங்கள் பக்கத்திலேயே கிடைக்கும். திருப்பூர் சாயப்பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று சொல்வார்களே, சோடியம் ஹைட்ரோசல்பைட், அதுதான். சாயப்பொருள், கெமிக்கல் விற்கும் கடைகளில் கேளுங்கள். கால் கிலோ இருந்தாலே பல மாதிரிகளுக்கு வரும். அதிகமாக வாங்கி அடுக்காதீர்கள். ஈரம் பட்டால் வீரியம் போய்விடும் என்பது மட்டுமல்ல, ஈரம் பட்ட தூள் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

துருவில் உள்ள இரும்பு தண்ணீரில் கரையாது. ஹைட்ரோஸ் அதைக் கரையும் வகைக்கு மாற்றிவிடும். கரைந்த இரும்பு மறுபடி கல்லில் படியாமல், சிட்ரிக் ஆசிட்டும் ஆப்பச் சோடாவும் சேர்ந்து உண்டாகும் சிட்ரேட் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடா கரைசலை அமிலமாக விடாது. அமிலம் இல்லாததால் கால்சைட்டும் ஸ்டில்பைட்டும் தப்பிக்கும்.

முதலில் கல்லை வெறும் தண்ணீரிலும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்திலும் மென்மையான பழைய டூத் பிரஷால் கழுவுங்கள். மண் போனாலே பாதிக் கறை போய்விடுவது உண்டு.

பிறகு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு) கரைத்து, 70 கிராம் ஆப்பச் சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். பொங்கி வழியும், அதனால் மூன்று லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளி எடுங்கள். பேக்கிங் பவுடர், துணி சோடா இரண்டும் இதற்கு ஆகாது. நுரை முழுக்க அடங்கும்வரை, முடிந்தால் சில மணி நேரம், கிளறிக் கிளறிக் காத்திருங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அமிலம் மிச்சமிருக்கும்போது ஹைட்ரோஸ் விழுந்தால் மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு கிளம்பும்.

நுரை அடங்கியபின், காற்றோட்டமான மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வைத்து 20 கிராம் ஹைட்ரோஸ் சேருங்கள். தூளைத்தான் தண்ணீரில் போட வேண்டும்; தூளின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கல்லை மூழ்க வைத்து, விளிம்புவரை கரைசல் நிரம்பிய மூடியுள்ள டப்பாவில் மூடுங்கள். காற்றுப் பட்டால் கரைசல் சீக்கிரம் செத்துவிடும். நான்கு மணி நேரத்தில் ஒருமுறை பாருங்கள். கறை மிச்சமிருந்தால் புதிதாகக் கலக்குங்கள். ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள்; சிட்ரேட் கால்சைட்டையும் மெல்லத் தின்னும். எடுத்தபின் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊற வையுங்கள். சரியாக அலசாத கல் காய்ந்ததும் மறுபடி மஞ்சளிக்கும்.

கேள்வி: கரூர் பக்கம் வாங்கிய குவார்ட்ஸ், அமெதிஸ்ட் கற்களில் செம்மண் கறை விடாப்பிடியாக இருக்கிறது. ஆக்சாலிக் ஆசிட் போடச் சொல்கிறார்கள். வீட்டில் வைத்துச் செய்யலாமா? எவ்வளவு? (ஈரோடு வாசகர்)

குவார்ட்ஸ் மட்டும்தான் (அமெதிஸ்டும் ஊதா நிறக் குவார்ட்ஸ்தான்) என்று உறுதியாகத் தெரிந்தால் செய்யலாம். மார்பிள் பாலிஷ் சாமான் விற்கும் கடைகளில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் கல்லைப் போட்டு, தளர்வாக மூடி நிழலில் வையுங்கள். இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். கரைசல் மஞ்சள் பச்சையாக மாறினால் இரும்பு இறங்குகிறது என்று அர்த்தம்.

வேகமாகட்டும் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஆவி மூக்கையும் நுரையீரலையும் புண்ணாக்கும். சூடான கல்லைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் விரிசலும் விடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் போர்வெல் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஆக்சாலிக்கோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படலமாகக் கல்மேல் உட்கார்ந்துவிடும். பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கரைக்கவும் முதல் அலசலுக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரே எடுங்கள். இதே காரணத்தால்தான் கால்சைட் ஒட்டிய கல்லை ஆக்சாலிக்கில் போடக் கூடாது. கல் ஊறிய அளவு நாட்கள் நல்ல தண்ணீரிலும் ஊற வேண்டும், தினமும் தண்ணீர் மாற்றி. அமெதிஸ்டை வெயிலில் காய வைக்காதீர்கள். சில கற்களில் ஊதா நிறம் வெளுத்துப்போகும்.

ஆக்சாலிக் கொடிய விஷம். சில கிராம் வயிற்றுக்குள் போனாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும். 15 கிராம் உயிரையே எடுக்கலாம். பார்வைக்குச் சர்க்கரை போலவே இருக்கும். குளிர்பான பாட்டிலிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. வாங்கிய பொட்டலத்திலேயே, பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வேலை முடிந்த கரைசலைச் செடிக்கோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். 100 கிராம் ஆக்சாலிக்குக் குறைந்தது 60 கிராம் நீற்றிய சுண்ணாம்பு என்ற கணக்கில் கலக்கி ஒரு நாள் வைத்தால் விஷம் வெள்ளை வண்டலாக அடியில் தங்கிவிடும். தெளிந்த நீரைச் சாக்கடையில் விட்டு, வண்டலைக் காய வைத்துக் கட்டிக் குப்பையில் போடலாம். இதற்குச் சோடா போதாது. அது புளிப்பைத்தான் போக்கும்; விஷம் தண்ணீரிலேயே இருக்கும்.

கேள்வி: பாத்ரூம் ஆசிட் வீட்டிலேயே இருக்கிறது. அதை ஊற்றினால் என்ன? பாசிக்குப் பிளீச்சிங் பவுடரும் சேர்க்கலாமா? (மதுரை வாசகர்)

இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் ஆளைக் கொல்லும். பிளீச்சிங்கில் ஊறிய கல்லைச் சரியாக அலசாமல் ஆசிட்டில் போட்டாலும் இதே கதிதான். பாசிக்கு மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பைரைட் மாதிரி உலோகப் பளபளப்புள்ள கந்தகக் கனிமங்களில் அதையும் போடாதீர்கள்.

பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கால்சைட்டை நிமிடங்களில் தின்னும். ஸ்டில்பைட் வகைகளைச் சிதைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். குவார்ட்ஸ்மேல் படிந்த கால்சைட்டை நீக்க வேண்டும் என்றால் வினிகரே நல்லது, மெதுவாக நடக்கும். 4 சதவீத வினிகர் ஒரு லிட்டர் அதிகபட்சம் 33 கிராம் கால்சைட்டைத்தான் கரைக்கும். குமிழி நின்றுவிட்டால் வினிகர் தீர்ந்திருக்கலாம். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது விடுங்கள்.

கேள்வி: அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் பதிந்த பழங்காலக் கிளிஞ்சல் ஒன்று தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. அதை எப்படிச் சுத்தம் செய்வது? (திருச்சி வாசகி)

பாறை, கிளிஞ்சல் இரண்டுமே சுண்ணாம்பு. எந்த அமிலமும் வேண்டாம், எலுமிச்சையும் புளியும்கூட. தண்ணீர், பிரஷ், மூங்கில் குச்சி, பொறுமை.

கேள்வி: இளஞ்சிவப்பில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு கல். தூசியாக இருக்கிறதே என்று கழுவினேன். தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது, பஞ்சும் ஒட்டிப்போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (சென்னை வாசகர்)

அது ஓகெனைட். இயற்கையில் வெள்ளை. நனைந்தால் இழைகள் படிந்துவிடும், பிறகு நிமிராது. ஊசி போன்ற படிகங்கள் எதையும் கழுவக் கூடாது. காமிரா லென்ஸ் ஊதும் ரப்பர்ப் பந்தால் தூசியை ஊதினால் போதும்.

நிறத்துக்காகத் தாராளமாகக் கேட்கலாம். சாயம் ஏற்றியதைச் சொல்லாமல் விற்றது கடைக்காரரின் தவறு. பில்லில் ‘இயற்கை நிறம்’ என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாகும். ரோஸ் தண்ணீரைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். அடுத்த முறை, ஒரு பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு அடிப்பக்கத்தில் ஒற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பல சாயங்கள் பஞ்சில் இறங்கும். உடைந்த படிகத்தைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டியிருந்தால் அந்த இடம் பிசுபிசுக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஊதுவத்தி எரியும் கடைக்குள் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.