விக்டர் சோய் வண்டி ஓட்டும்போதே தூங்கினாரா? கோப்பு வாங்குவதற்கு முன்

கேள்வி: இசைக் கலைஞர்களின் மறைவு குறித்துத் தமிழில் ஒலித்தொடர் ஒன்று தயாரித்து வருகிறேன். ரஷ்ய ராக் இசைக் கலைஞர் விக்டர் சோய் 1990இல் கார் விபத்தில் இறந்ததைப் பற்றிய பகுதியை முடிக்க முடியவில்லை. மூளைச் செல்களை ஆராய்ந்து, அவர் ஓட்டும்போதே தூங்கிவிட்டார் என்று கண்டுபிடித்ததாக ஒரு தரப்பு சொல்கிறது. அது கொலை என்று சொல்லும் காணொளிகளும் ஏராளம். விசாரணைக் கோப்பின் முழு நகலை 400 யூரோவுக்குத் தருவதாக இணையத்தில் ஒருவர் எழுதுகிறார். வாங்கலாமா? இறந்தவர் தூங்கினாரா என்பதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். அந்தப் பேர்வழிகளைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெளிவானால், அந்த 400 யூரோவுக்கு எதை விற்க முடியும், எதை விற்கவே முடியாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள் மிகக் குறைவு. 1990 ஆகஸ்ட் 15 அன்று நண்பகலை ஒட்டிய நேரத்தில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த லாட்வியாவில், ஸ்லோகா–தால்சி சாலையின் 35ஆவது கிலோமீட்டரில், சோய் தனியாக ஓட்டி வந்த கருநீல மாஸ்க்விச் 2141 கார், எதிரே வந்த இக்காரஸ் 250 பேருந்துடன் மோதியது. 28 வயதான அவர் அங்கேயே இறந்தார். பேருந்து சாலையை விட்டு விலகித் தெய்துப்பே ஆற்றில் இறங்கியது, அதன் ஓட்டுநர் உயிர் பிழைத்தார். மீன்பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் இது நடந்ததாகக் கூறப்படுகிறது. ஆகஸ்ட் 19 அன்று லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பகஸ்லோவ்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நேரம் 11.28 என்று சிலரும் 12.28 என்று சிலரும் எழுதுகிறார்கள். காரின் வேகம் மணிக்குக் குறைந்தது 130 கிலோமீட்டர் என்று ஒரு செய்தியும் 100 கிலோமீட்டர் என்று மற்றொன்றும் சொல்கின்றன. இந்த வேக வேறுபாட்டைச் சிறியதென்று நினைக்காதீர்கள். 100இலிருந்து 130க்குப் போனால் காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. வேகத்தை அளந்து கணக்கிட்டிருந்தால் இப்படி இரண்டு எண்கள் உலவ இடமில்லை. அதனால் இரண்டில் எதையும் உறுதியான எண்ணாக உங்கள் தொடரில் சொல்ல வேண்டாம்.

மூளைச் செல் விவகாரத்துக்கு வருகிறேன். அக்காலப் பத்திரிகைச் சுருக்கம் ஒன்று இன்றுவரை வரி மாறாமல் நகலெடுக்கப்பட்டு வருகிறது. சோய் முந்தைய 48 மணி நேரத்தில் மது அருந்தவில்லை என்றும், மூளைச் செல்களின் ஆய்வு அவர் களைப்பினால் தூங்கியதைக் காட்டுகிறது என்றும் அது சொல்கிறது. உடற்கூறாய்வு அறையில் தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வு எதுவும் கிடையாது. தூங்கும்போது இறந்தவரின் மூளைத் திசுவையும் விழித்திருக்கும்போது இறந்தவரின் மூளைத் திசுவையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், எது யாருடையது என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மது பற்றிய வரியிலும் இதே மிகைதான். இறக்கும் நேரத்தில் போதையில் இல்லை என்பதை இரத்தத்தைச் சோதித்து உறுதியாகச் சொல்லலாம். ஆனால் மது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும் என்பதால், 48 மணி நேரம் என்ற கணக்கை இரத்தம் தராது. யாரோ ஒரு அதிகாரி சொன்னதை யாரோ ஒரு நிருபர் அழகுபடுத்தி எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எனவே, ‘மது அருந்தியிருக்கவில்லை’ என்பதை வைத்துக்கொண்டு ‘மூளைச் செல்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் ஓட்டுநர் தூங்கினார் என்று புலனாய்வாளர்கள் எதை வைத்து எழுதுகிறார்கள்? சாலையை வைத்துத்தான். விழித்திருக்கும் மனிதர் ஆபத்தைக் கண்டால் பிரேக்கை மிதிப்பார் அல்லது திசைமாற்றியைச் சட்டென்று திருப்புவார். இரண்டுமே தாரில் தடம் பதிக்கும். தூங்கியவரின் வண்டியோ மெதுவாக ஒரு பக்கமாக ஒதுங்கி, தடமின்றி, வேகமும் குறையாமல் போய் மோதும். வண்டியில் வேறு யாரும் இல்லாமை, சலிப்பூட்டும் நேர்ச்சாலை, முந்தைய இரவு போதிய உறக்கமின்மை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, தூக்கமே காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதுவார்கள். எல்லா நாடுகளிலும் வழக்கம் இதுதான். அது நேரடிச் சான்று ஆகாது, சுற்றுச் சான்றுகளிலிருந்து பெறும் முடிவு.

இங்கே ஒரு விதிவிலக்கை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பீட்டு நிறுவனத்தார் முதல் நீதிமன்றத்தார் வரை எல்லோரும் இதில்தான் வழுக்குகிறார்கள். பிரேக் தடம் இல்லாததனாலேயே ஓட்டுநர் தூங்கினார் என்று ஆகிவிடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது, 130 என்றால் 36 மீட்டர். எதிரே வரும் பேருந்து 70இல் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையிலான தூரம் நொடிக்குச் சுமார் 47 முதல் 56 மீட்டர் வரை சுருங்கும். கண் ஆபத்தைக் கண்டு, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போகவே சராசரி மனிதருக்கு ஒரு நொடி முதல் ஒன்றரை நொடி வரை ஆகும். வளைவில் பேருந்து திடீரென்று தென்பட்டிருந்தால், முழு விழிப்பில் இருப்பவர்கூட ஒரு தடமும் பதிக்காமல் மோதியிருக்கலாம். கீழே விழுந்த ஒலிநாடாவை எடுக்கக் குனிந்தவரும், பக்கத்து இருக்கையில் சரியும் பையைப் பிடித்தவரும், சன்னல் வழியே ஒரு கணம் வெளியே பார்த்தவரும் அப்படித்தான் மோதுவார்கள். இக்கால வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கருவி இருப்பதால், அழுத்திப் பிரேக் போட்டாலும் தடம் மங்கலாகவே விழும். 1990இன் மாஸ்க்விச்சில் அந்தக் கருவி கிடையாது என்பதால் அந்தக் குழப்பத்தை மட்டும் இந்த வழக்கில் ஒதுக்கிவிடலாம். ஆக, தடம் இல்லை என்பது ‘ஓட்டுநர் எதுவும் செய்யவில்லை’ என்பது வரைக்கும்தான் கொண்டு சேர்க்கும். ஏன் செய்யவில்லை என்று அது சொல்லாது. தூக்கத்தையும் கவனச்சிதறலையும் தாரைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவதாகச் சொல்லும் நிபுணரிடம் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எனக்குப் பொறுமை போவது இங்கேதான். பரவலாகச் சுற்றும் அந்தப் பத்திரிகைச் சுருக்கத்தில் பிரேக் தடம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மோதிய புள்ளி சாலையின் எந்தப் பாதியில் இருந்தது, பேருந்தின் எந்த மூலை நசுங்கியது, காரின் திசைமாற்றியையும் டயர்களையும் யார் சோதித்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. நிரூபிக்கக்கூடியவற்றை எல்லாம் விட்டுவிட்டு, நிரூபிக்கவே முடியாத மூளைச் செல்லை மக்களுக்குக் கொடுத்தார்கள். பழி இறந்தவர் மீது விழுந்துவிட்டால் தண்டிக்க ஆள் இல்லை. தண்டிக்க ஆள் இல்லாத வழக்கில் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அலுவலகத்தாருக்கு எந்த நாட்டிலும் வருவதில்லை. இலட்சக்கணக்கானோர் துக்கம் கொண்டாடிய ஒரு கலைஞரின் மரணத்தில் நான்கு பக்க வரைபடமும் அளவுக் குறிப்பும் அன்றே வெளியாகியிருந்தால், முப்பது ஆண்டுக் காணொளி வியாபாரத்தில் பாதி நடந்திருக்காது. பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிரித்தானிய ராக் பாடகர் மார்க் போலன் 1977 செப்டம்பர் 16 அதிகாலை லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் கார் விபத்தில் இறந்தபோது மரண விசாரணை பொது அரங்கிலேயே நடந்தது. ஆனாலும் அந்தக் காரின் பதிவெண்ணில் மர்மம் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கொலை என்று சொல்பவர்கள் முக்கியமாக இரண்டு செய்திகளைக் காட்டுவார்கள். காரின் டயர் ஒன்று கிடைக்கவே இல்லை என்பது ஒன்று. சிதறிய வண்டியின் டயர் ஆற்றோரப் புதரிலும் சேற்றிலும் காணாமல் போவதில் அதிசயம் இல்லை. வண்டியை இழுத்துச் செல்ல வந்தவர்களில் ஒருவர் அதைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு போனாலும் எனக்கு வியப்பில்லை. அந்தக் காலச் சோவியத் நாட்டில் நல்ல டயருக்கு இருந்த தட்டுப்பாடு அப்படி. மற்றொன்று, ஒரு டன் எடையுள்ள கார் பத்து டன் பேருந்தை ஆற்றில் தள்ளுமா என்ற கேள்வி. தள்ள வேண்டிய அவசியமே இல்லை. முன் அச்சும் திசைமாற்றி இணைப்பும் முறிந்திருந்தால் பேருந்து ஓட்டுநரின் கைக்கு அடங்காது, அதன் சொந்த வேகமே அதைச் சாலைக்கு வெளியே கொண்டு போய்விடும். இவ்விரண்டுக்கும் மேலே, யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் அவர்களிடம் ஒன்றும் இல்லை. பட்டப்பகலில், நேரம் குறித்து வராத ஒரு காரைப் பொதுப் பேருந்து ஒன்றின் முன்னால் சரியான நொடியில் கொண்டு சேர்ப்பது எந்தச் சதிகாரருக்கும் கைகூடாத கணக்கு.

இனி அந்த 400 யூரோ. விபத்துகளை ஆராயும் என் தொழிலில் விபத்தை விடவும் ஆபத்தானவர்கள் இடைத்தரகர்கள். புகழ்பெற்ற ஒருவர் சாலையில் இறந்தால் அவரைச் சுற்றி ஒரு சந்தை முளைக்கிறது. முதல் வகையினர் கோப்பு விற்பவர்கள். ‘ஆவணக் காப்பகத்தில் எனக்கு ஆள் இருக்கிறது’ என்று தொடங்குவார்கள். மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்புவார்கள். அதில் ரஷ்ய மொழியில் தட்டச்சும் வட்ட முத்திரையும் மங்கிய கையெழுத்தும் இருக்கும். அந்த ஒரு பக்கம் பல ஆண்டுகளாகப் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடப்பதாக இருக்கும், மீதிப் பக்கங்கள் அவர்கள் வீட்டில் உருவானவையாக இருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன்: உங்களுக்கு வரும் மாதிரிப் பக்கத்தில் ‘மூளைச் செல்’ வரி இருந்தால், அது பத்திரிகையைப் பார்த்துப் பின்னோக்கித் தயாரிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையான உடற்கூறாய்வு அறிக்கை காயங்களை அளவோடு வரிசைப்படுத்தும், தூக்கத்தைப் பற்றிக் கதை சொல்லாது.

இரண்டாம் வகையினர் நினைவுப் பொருள் விற்பவர்கள். மாஸ்க்விச்சின் கண்ணாடித் துண்டு, கதவுக் கைப்பிடி, ‘விபத்தில் தப்பிய ஒலிநாடா’ என்று போகும் அவர்கள் பட்டியல். அந்த மாதிரி லட்சக்கணக்கில் ஓடிய கார், அதன் கைப்பிடி எந்தப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். அதனுடன் ஒரு ‘மெய்ச்சான்றிதழ்’ வேறு தருவார்கள், அதில் கையெழுத்திட்டவர் விற்பவரின் கூட்டாளியாகவே இருப்பார்.

மூன்றாம் வகையினர் என் தொழில்காரர்கள் என்பதால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கணினியில் விபத்தை மறுபடியும் நடத்திக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். கார் வளைகிறது, பேருந்து திரும்புகிறது, கண்ணாடி சிதறுகிறது, பார்ப்பவர் மயங்கிப் போகிறார். அந்த மென்பொருளுக்கு மோதல் கோணம், வண்டிகள் நின்ற இடம், நசுங்கிய ஆழம் ஆகியவற்றை யாராவது கொடுத்தாக வேண்டும். சம்பவ இட அளவுகள் கையில் இல்லாமல் அவற்றை ஓட்டினால், ஓட்டியவர் மனத்தில் இருந்ததுதான் திரையில் வரும். அதைக் கற்பனைக் காட்சி என்று சொல்லிக் கொடுத்தால் குற்றமில்லை, ‘அறிவியல் மறுகட்டமைப்பு’ என்று சொல்லி விற்கும்போதுதான் அது மோசடியாகிறது. இத்தகைய காட்சி எதையும் உங்கள் தொடரில் ஆதாரமாகக் குறிப்பிடாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது செலவில்லாத வேலை. லாட்விய தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் அந்நாட்டுக் காவல் துறைக்கும் நேரடியாக, தனித்தனியாக எழுதுங்கள். நாள், சாலையின் பெயர், 35ஆவது கிலோமீட்டர், இரண்டு வண்டிகளின் வகை ஆகியவற்றைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ‘முழுக் கோப்பு’ என்று பொதுவாகக் கேட்டால் ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். சம்பவ இட வரைபடம், வண்டிச் சோதனைக் குறிப்பு, வழக்கை முடித்த ஆணை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். உடற்கூறாய்வு அறிக்கையைக் கேட்காதீர்கள், அது குடும்பத்துக்கு உரியது, மேலும் உங்களுக்கு அதனால் பயனும் இல்லை. கட்டணம் கேட்டால் அலுவலகத்தின் பெயரில் இரசீது தரும் கணக்குக்கு மட்டும் செலுத்துங்கள். கோப்பு இல்லை என்றோ தர இயலாது என்றோ பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 400 யூரோ கேட்டவர் மறுபடி எழுதினால் அதன் நகலை அவருக்கு அனுப்பி, கோப்பு எந்த அலுவலகத்திலிருந்து, எந்தத் தேதியில், யார் பெயரில் தரப்பட்டது என்று கேளுங்கள்.

தொடரில் இப்படிச் சொன்னால் போதும்: கார் எதிரே வந்த பேருந்துடன் மோதியது, சோய் மது அருந்தியிருக்கவில்லை என்று செய்தி வெளியானது, அவர் களைப்பில் தூங்கியிருக்கலாம் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். பேருந்து ஓட்டுநரின் பெயர் உங்களுக்குக் கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டாம். அவர் மீது எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை.