கண்ணாடியைக் கழற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: வயது 24. இரண்டு கண்ணிலும் மைனஸ் 7. கருவிழியின் தடிமன் 500 மைக்ரான். ஓர் இடத்தில் லேசிக் செய்யலாம் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் கூடாது என்கிறார்கள். யாரை நம்புவது? (ஈரோடு வாசகி)

பதில்: நம்புவதை விடுங்கள், கணக்குப் போடுங்கள். கண்ணாடி தேவைப்படாதபடி லேசரால் கருவிழியின் வளைவை மாற்றும் சிகிச்சைதான் லேசிக். அதில் முதலில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மடலைச் சீவித் திறப்பார்கள். அது சுமார் 110 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் அடியில் லேசர் இழைப்பது ஒரு பவருக்கு ஏறக்குறைய 15 மைக்ரான், ஏழுக்கு 105. ஆக 500-ல் 215 போக மிச்சம் 285. மிச்சம் 250 இருந்தால் போதும் என்பது பழைய விதி. அதன்படி பார்த்தவர் ‘செய்யலாம்’ என்றிருப்பார். 300-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்பவர் மறுத்திருப்பார். மடலும் இழைத்ததும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொட்டாலே ஆபத்து கூடும், உங்களுக்கு 43. எங்கள் ஓட்டு மறுத்தவருக்கே.

மடலைத் திரும்ப மூடிவிட்டாலும் அது பழையபடி பாரம் தாங்காது. மிச்சப் படுகை மெலிந்துபோனால், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தில் கருவிழி மாதங்களிலோ வருடங்களிலோ முன்னால் புடைத்துக் கூம்பிவிடும். அப்புறம் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. அந்த 500 என்பது நடுப்பகுதியின் அளவா, மிக மெல்லிய இடத்தின் அளவா என்றும் கேளுங்கள். கணக்குக்கு வேண்டியது இரண்டாவது. கருவிழியின் வரைபடத்தில் கூம்பும் அறிகுறி தெரிந்தால் தடிமன் 560 இருந்தாலும் லேசிக் கிடையாது.

மடலே இல்லாத பி.ஆர்.கே. முறையில் சுமார் 50 மைக்ரான் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசரால் இழைப்பார்கள், அந்த மேல்தோல் வளர்ந்துவிடும். ஆனால் மூன்று நான்கு நாள் வலி, எரிச்சல் இருக்கும். உங்கள் பவருக்குக் கருவிழியில் மங்கல் படியவும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கத்தான் மைட்டோமைசின் மருந்தைச் சில வினாடிகள் வைத்து எடுக்கிறார்கள். மடல் திறக்காமல் லேசரால் உள்ளே ஒரு மெல்லிய வில்லையை வெட்டிச் சிறு துளை வழியே எடுக்கும் ஸ்மைல் முறையிலும் திசு குறையவே செய்யும், லேசிக்கைவிடச் சற்றுக் கூடவே. கருவிழியை இழைக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். பற்றியும் விசாரியுங்கள். அதற்குக் கருவிழிக்கும் கண்ணின் இயற்கை லென்ஸுக்கும் இடைப்பட்ட முன்னறையின் ஆழம் சுமார் 2.8 மி.மீ. தேவை, செலவு லேசிக்கைவிட நன்றாகவே கூடும்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி இரண்டு வாரம் கழித்துத்தான் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். ஏன் இந்த அலைச்சல்? (மதுரை வாசகர்)

பதில்: லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வளைவை மாற்றி வைத்திருக்கும். அந்த வளைவை அளந்து லேசர் வைத்தால் தப்பான கண்ணுக்குச் சிகிச்சை செய்தது போலாகும். மென்மையான லென்ஸுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், கெட்டியானதற்கு மூன்று நான்கு வாரம் கண்ணாடியிலேயே இருங்கள். நேற்றுவரை போட்டிருந்தீர்கள் என்று தெரிந்தும் இன்றே அளக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: 42 வயது, மைனஸ் 2.5. லேசிக் செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாமா? (சேலம் வாசகர்)

பதில்: தூரத்துக்கு வேண்டாம். ஆனால் இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறீர்களே, அந்த வசதி போய்விடும். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் பார்க்கும் திறன் குறைவதால், படிக்க வேறு கண்ணாடி வாங்க வேண்டிவரும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கலாம். அது ஒத்துவருகிறதா என்று முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஓரிரு வாரம் நடமாடிப் பாருங்கள்.

கேள்வி: சிகிச்சையின்போது வலிக்குமா? கருகிய வாடை வரும் என்கிறார்களே! (தஞ்சை வாசகி)

பதில்: மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதால் வலிக்காது. மடல் வெட்டும்போது வளையம் கண்ணைக் கவ்வி அழுத்தும். சில வினாடிகள் பார்வை இருண்டு திரும்பும், பதற வேண்டாம். வாடை வரும், ஆனால் எதுவும் கருகுவதில்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர் சுற்றிலும் சுடாமல் திசுவின் பிணைப்புகளை அறுத்து ஆவியாக்குகிறது. இது திசுவைச் சூடுபடாமல் செதுக்கும் என்று 1981-ல் ஐ.பி.எம். கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை வைத்துக் கண்டவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன்.

வீட்டுக்கு வந்தபின் செய்யக்கூடாத முதல் வேலை கண்ணைக் கசக்குவது; மடல் நகர்ந்து சுருக்கம் விழுந்துவிடும். ஒரு வாரமாவது தூங்கும்போது கண்ணின் மேல் பாதுகாப்பு மூடியைப் பொருத்திக்கொள்ளுங்கள், தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படவிடாதீர்கள். கருவிழி நரம்புகள் அறுபடுவதால் மூன்று முதல் ஆறு மாதம் கண் உலரும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை உறுத்தும் முன்பே விட்டுக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய கருவிழி வளைவு, பவர் அளவுகளைப் பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது பவர் கணக்குத் தப்பாமலிருக்க அந்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.