உமிச்சாம்பல் விழுகிறது, யாரிடம் போவது?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் வீட்டுக்கு அடுத்த காட்டில் அரிசி ஆலை இருக்கிறது. பொங்கல் முடிந்த வாரம் பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் பெரியதாக வைத்தார்கள். அன்றிலிருந்து ராத்திரியானால் உமிச்சாம்பல் மொட்டை மாடியெங்கும் கறுப்பாகப் படிகிறது. அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. உரிமையாளரைக் கேட்டால், "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறது, எங்கு வேண்டுமானாலும் போய்க்கொள்" என்கிறார். சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்க முடியுமா?

பதில்: வாங்கப் போகாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளைத் தனித் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோன தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-ன் 29-வது பிரிவைக் காட்டி, இதை விசாரிக்க முன்சீப் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் வாதிடும். அந்த ஒரு வாதத்திலேயே ஆண்டுகள் ஓடிவிடும்.

"அனுமதி இருக்கிறது" என்று அவர் சொல்வது உங்களுக்குத்தான் சாதகம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1981-ன் 21-வது பிரிவின்படி தரப்படும் இசைவாணை நிபந்தனைகளோடுதான் வரும். பாய்லரின் திறன், புகைபோக்கியின் உயரம், சாம்பலைப் பிடிக்கும் சைக்ளோன் கருவி எல்லாம் அதில் எழுதியிருக்கும். பழைய பாய்லருக்கு வாங்கிய ஆணை பெரிய பாய்லருக்குச் செல்லாது. விரிவாக்கத்துக்குத் தனியாக இசைவு வாங்கியிருக்க வேண்டும். வாங்கினாரா என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் இசைவாணையின் நகலையும் கடைசி ஆய்வறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும்.

அதே அலுவலகத்துக்கு ஒரு புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "புகை தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வந்து, புகையே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை என்று குறித்து, நெல் அவிக்கும் இரவு நேரத்தில் புகைபோக்கியிலேயே மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். உமி போன்ற வேளாண் கழிவை எரிக்கும் பாய்லருக்குத் தனி அளவு உண்டு: படிப்படியாகத் தட்டு அமைந்த அடுப்பென்றால் கன மீட்டருக்கு 250 மில்லிகிராம் துகள், குதிரைலாட வடிவ அடுப்பென்றால் 500. அளவைக் கரியமிலவாயு 12 சதவீதம் என்ற கணக்குக்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெறுங்காற்றைக் கலந்தே துகளைக் குறைத்துக் காட்டிவிடலாம். ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26-வது பிரிவு சொல்லும் முறைப்படி எடுக்காத மாதிரி சாட்சியமாகாது. ஆகவே உங்கள் செல்பேசி வீடியோ அளவு மீறலை நிரூபிக்காது; தொல்லையை நிரூபிக்கும். அதையும் எடுத்து வையுங்கள்.

மீறல் உறுதியானால் அதே சட்டத்தின் 31ஏ பிரிவின்கீழ் ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். அவசரமென்றால் கோட்டாட்சியரிடம் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவில் பொதுத்தொல்லை மனு கொடுங்கள். அக்கம்பக்கத்தாரும் கையெழுத்திட்டால் அதற்குப் பலம் அதிகம்.

வாரியம் அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில் மனுச் செய்ய, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தினமும் புகை வருகிறதே என்று வாதிடலாம்தான், ஆனால் "முதன்முதலில்" என்று சட்டத்திலேயே இருப்பதால் அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. உங்கள் கணக்கில் ஆடி முதல் வாரத்தோடு கெடு முடிகிறது. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதால் இந்தக் கெடு நீளாது.

அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அதே சட்டத்தின் 15-வது பிரிவில் இழப்பீடு கேட்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய், கட்டணம். பாய்லர் மாற்றுவதற்கு முந்தைய மருத்துவச் சீட்டுகளையும் தேடி எடுங்கள். இழுப்பு ஏற்கெனவே இருந்ததுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது, எவ்வளவு கூடியது என்று காட்ட அவைதான் வேண்டும்.