ஹார்மோன், கழிவுநீர், யு.வி. விளக்கு: கேள்வி பதில்

அடுக்ககங்களின் எஸ்.டி.பி.க்களை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை, ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. யு.வி. என்னும் புற ஊதா ஒளியையும், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றியையும் சேர்த்துக் கழிவுநீரில் உள்ள ஹார்மோனை அழிப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெரும்பாக்கம், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்கள் எஸ்.டி.பி. தண்ணீர் தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் போகிறது. யு.வி.யோடு பெராக்சைடு சேர்த்தால் ஹார்மோன் 99 சதவீதம் போய்விடும் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா சார்?

வேண்டாம் சார். முதலில் ஏரேஷன் தொட்டியைப் பாருங்கள். எஸ்ட்ரடையால், எஸ்ட்ரோன் என்னும் பெண் ஹார்மோன்கள் நம் சிறுநீரோடு வருபவை. போதிய காற்று கொடுத்து, பாக்டீரியா நிறைந்த சேறான ஸ்லட்ஜை அவசரப்பட்டு வெளியேற்றாமல் வைத்திருந்தால், பெரும்பகுதியைப் பாக்டீரியாவே தின்றுவிடும். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் காற்று ஊதும் புளோயரை அணைத்துவிட்டு, பகலில் புது மெஷினுக்கு விலை விசாரிக்கும் சங்கங்கள் நிறைய உண்டு! கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால்தான் பாக்டீரியாவுக்கு லேசில் மசியாது. ஒளிமுறைக்கு வேலை அந்த மிச்சத்தில்தான்.

அந்த 99 சதவீதம் எந்தத் தண்ணீரில் வந்தது என்று அவரைக் கேளுங்கள். 254 நானோமீட்டர் ஒளி பெராக்சைடை இரண்டாகப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்னும், எதிர்ப்பட்டதைத் தாக்கும் துகள் பிறக்கிறது. அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்குத்தான் முதல் சோறு. ஹார்மோன் லிட்டருக்குச் சில நானோகிராம் இருக்கும். மற்ற கரிமப் பொருளோ சில மில்லிகிராம், அதாவது சுமார் பத்து லட்சம் மடங்கு. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பு வேறு பங்குக்கு வரும். காய்ச்சி வடித்த நீரில் 99 வருவது பெரிய விஷயமே இல்லை.

ஒளிக்கும் இதே கதிதான். லிட்டருக்கு 10 மில்லிகிராம் பெராக்சைடு போட்டால், ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் ஒளியில் அது பிடிப்பது ஒரு சதவீதம் சொச்சம். நீர் மஞ்சளாக இருந்தால் பெரும்பங்கை நிறமே விழுங்கிவிடும். கிருமி கொல்லும் விளக்குக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் போதும். இந்த வேலைக்குப் பல நூறு வேண்டும். ஆகவே இருக்கிற விளக்கில் பெராக்சைடை ஊற்றினால் காசுதான் கரையும். தோட்டத்துக்கு விடும் தண்ணீருக்கு இது தேவையும் இல்லை.

மயிலாப்பூர், இல்லத்தரசி: பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவது இதனால்தானா? கேன் தண்ணீர் வாங்கவே பயமாக இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன் மேடம். ஒரு கருத்தடை மாத்திரையில் 20 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்று வைத்துக்கொள்வோம். குடிக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு நானோகிராம் இருந்தால்கூட, அந்த ஒரு மாத்திரை அளவு உடம்பில் சேர 20,000 லிட்டர் குடிக்க வேண்டும். நாளைக்கு இரண்டு லிட்டர் என்றால் 27 வருஷம். தண்ணீரை விட்டுவிட்டு, குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள்.

ராயபுரம்: அவ்வளவு குறைவு என்றால் எதற்கு இந்தப் பாடு?

மீனுக்கு. நாம் குடிக்கிறோம், அது அந்த நீரிலேயே பிறந்து வளர்கிறது. கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை எத்தினைல் எஸ்ட்ரடையாலைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு வெறும் 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்கள் முட்டைக் கருவுக்கான புரதத்தைச் சுரக்க ஆரம்பித்தன. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறு மீன் இனம் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றே போனது.

கிண்டி, எம்.டெக். மாணவர்: புராஜெக்டுக்கு யு.வி.–பெர்சல்பேட் எடுக்கலாம் என்றிருக்கிறேன். பெராக்சைடை விட நல்லதுதானே அண்ணா?

தண்ணீரைப் பொறுத்தது தம்பி. பெர்சல்பேட்டை ஒளி பிளந்தால் பிறக்கும் சல்பேட் ரேடிக்கல் ஹைட்ராக்சிலை விடக் கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும், கொஞ்சம் ஆளும் பார்க்கும். ஹார்மோனில் உள்ள ஃபீனால் வளையம் அதற்குப் பிடித்த தீனி. ஆனால் சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், அது அப்படியே கழிவுநீருக்கும் வரும். சல்பேட் ரேடிக்கல் குளோரைடை வேகமாகப் பிடித்துக் குளோரின் ரேடிக்கலாக மாற்றிவிடும்; குளோரின் ஏறிய துணைப்பொருள்கள் வர வாய்ப்புண்டு. நடுநிலை பி.எச்.சில் ஹைட்ராக்சிலுக்குக் குளோரைடால் அவ்வளவு தொல்லை இல்லை. பெராக்சைடு கடைசியில் நீரும் ஆக்சிஜனும்தான். பெர்சல்பேட் சல்பேட்டை விட்டுப் போகும். உப்பு நீர் என்றால் என் ஓட்டு பெராக்சைடுக்கு.

அதே மாணவர்: உடைந்த துண்டுகள் இன்னும் மோசமாக இருந்தால்?

சரியான கேள்வி. செல்லில் ஹார்மோனைப் பிடிக்கும் எஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டுவதற்கு அந்த ஃபீனால் வளையம்தான் முக்கியம். ரேடிக்கல் பெரும்பாலும் அங்கேயே கை வைப்பதால், மூலக்கூறு முழுதாக எரியும் முன்பே ஹார்மோன் குணம் பெரும்பாலும் போய்விடும். அதை நம்பி விட்டுவிடாமல், ஹார்மோன் குணம் மிச்சமிருக்கிறதா என்று ஈஸ்ட்டை வைத்துப் பார்க்கும் ஈஸ்ட் எஸ்ட்ரோஜன் சோதனையும் செய்துவிடுங்கள். அதற்கு முன் மிச்சப் பெராக்சைடைக் கேட்டலேஸ் நொதியைப் போட்டு நீக்காவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும், நீங்கள் ஹார்மோன் இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

அம்பத்தூர்: நம்ம ஊர் வெயிலுக்கு விளக்கு எதற்கு? டைட்டானியம் டை ஆக்சைடைக் கலந்து மொட்டை மாடியில் வைத்தால் போதாதா?

அந்தப் பொருள் ஒளியில் நீரைப் பிளக்கும் என்று 1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டியதிலிருந்து வந்த வழி அது. ஆனால் அந்தப் பொடிக்கு 387 நானோமீட்டருக்குக் கீழான ஒளிதான் உறைக்கும். சூரிய ஒளியில் அது 5 சதவீதத்துக்கும் கீழே. பிறகு பொடியை வடித்தெடுப்பது தனிப் பாடு. அக்னி நட்சத்திரத்திலும் கணக்கு மாறாது.

விருகம்பாக்கம்: கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் மெட்ரோ வாட்டர் ஆர்.ஓ. வைத்திருக்கிறதே?

தலா தினம் 4.5 கோடி லிட்டர் தரும் நிலையங்கள், தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆர்.ஓ. சவ்வு ஹார்மோனைப் பெருமளவு தடுக்கும், அழிக்காது. தடுத்தது, சவ்வு ஒதுக்கித் தள்ளும் ரிஜெக்ட் நீரில் செறிந்து நிற்கும், கூடவே உப்பும். ஒளிமுறையைச் சோதிக்க அவசியமான இடமும் கடினமான இடமும் அதுதான். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஆர்.ஓ.வைத் தாண்டிய தெளிந்த நீருக்கு யு.வி.–பெராக்சைடு வைத்திருக்கிறார்கள். வழியை மறிக்க அங்கே எதுவும் இல்லாததால் அது சுலபமாக ஓடுகிறது.

சிறுசேரி, பிளான்ட் ஆபரேட்டர்: எங்கள் இடத்தில் டிரையலுக்கு 50 சதவீதப் பெராக்சைடு கேன் வந்திருக்கு சார். எங்கே வைக்கிறது?

நிழலில், காற்றோட்டமாக. காற்றுத் துளையுள்ள மூடிதான் போட வேண்டும். இறுக்கி அடைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து கேன் உப்பி வெடிக்கும். இரும்பு டிரம்மில் மாற்றவே கூடாது. எடுத்ததில் மிஞ்சியதைக் கேனில் திருப்பி ஊற்றாதீர்கள், துரு பட்டிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பொங்கும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் திறக்காதீர்கள். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இல்லையென்றால், குழாய் போட்ட பிறகு டிரையல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.