வாகனக் கேள்வி – பதில்: பழைய வண்டிக்குப் புளூடூத் செட்டு

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, ஒரே பொருளைப் பற்றி அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, என்னிடம் 2005ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 இருக்கிறது. 15 ஆண்டு முடிந்தபின் பதிவையும் புதுப்பித்து ஓட்டி வருகிறேன். அதிலிருந்த கேசட் டெக் நின்றுபோய் நான்கு ஆண்டுகளாகின்றன. செல்போனில் இருக்கும் பாட்டுகளை வண்டியில் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம். எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. ஒரு கடையில், அட்டையில் ‘60 வாட் இன்ட்டு 4’ என்று அச்சிட்ட செட்டை 1,200 ரூபாய்க்குத் தருகிறார்கள். மற்றொரு கடையில், டேஷ்போர்டை அறுத்து ஏழு அங்குல டச் ஸ்கிரீன் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: டேஷ்போர்டை அறுக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் செட்டுகளின் முகப்பு அளவு ‘டின்’ எனப்படும் ஜெர்மானியத் தர அளவைப் பின்பற்றியது. ஒற்றை டின் என்பது 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது, இரட்டை டின்னுக்கு அகலம் அதுவே, உயரம் மட்டும் 100 மி.மீ. ஏழு அங்குலத் திரைகள் பொதுவாக இரட்டை டின் இடத்தைக் கேட்பவை. உங்கள் கேசட் டெக் இருந்த பள்ளத்தை ஒரு அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒற்றை டின்னாக இருந்தால் அதற்கேற்ற செட்டு வெட்டும் ஒட்டும் இல்லாமல் உள்ளே போய் உட்காரும். மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டதால், அறுத்த டேஷ்போர்டு பின்னர் ஆடத் தொடங்கினால் மாற்றுக்குப் பழைய வண்டி உடைக்கும் இடங்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.

சி.டி. போடும் வாய் இல்லாத, புளூடூத், யு.எஸ்.பி., எஃப்.எம். மட்டும் உள்ள செட்டே உங்களுக்குப் போதும். உள்ளே சுழலும் பொறி எதுவும் இல்லாததால் அதன் பெட்டி ஆழம் குறைந்தது. பின்னால் ஒயர்களை மடித்து வைக்க இடம் கிடைக்கும். புளூடூத் பதிப்பு 4ஆ, 5ஆ என்று கடைக்காரரிடம் வாதாட வேண்டாம். பாட்டின் தரத்தில் அதனால் உங்கள் காதுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் வராது.

இனி அந்த ‘60 வாட் இன்ட்டு 4’ கணக்கு. நீங்கள் ஆசிரியர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். இஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். செட்டின் பின்புறம் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள்; பெரும்பாலும் 10 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 வாட் என்றால், வெளியே 240 வாட் எப்படி வரும்? மேலும், 4 ஓம் ஸ்பீக்கரில் 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தை உயர்த்தும் தனி ஏற்பாடு இல்லாத ஒரு செட்டு, பிசிறில்லாமல் தரக்கூடியது ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்டைத் தாண்டாது. பெயர்பெற்ற நிறுவனங்களின் செட்டுகளிலும் பெட்டியின் மேல் ‘50 வாட் இன்ட்டு 4’ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், உள்ளே விவரத்தாளில் ‘ஆர்.எம்.எஸ். 22 வாட்’ (அதாவது, செட்டு தொடர்ந்து தரக்கூடிய திறன்) என்றோ அதையொட்டியோ சிறிய எழுத்தில் குறித்திருப்பார்கள். அந்தச் சிறிய எழுத்தை அச்சிடுகிற நேர்மை உள்ள செட்டை வாங்குங்கள். விவரத்தாளே இல்லாத செட்டை, விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுங்கள்.

ஆனால் செட்டைவிட எனக்கு அதிகக் கவலை உங்கள் ஸ்பீக்கர்களைப் பற்றியது. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் அதையும் மிஞ்சும். பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் பதித்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் அதன் ஓரத்து நுரையும் இத்தனை கோடைகளில் அப்பளம்போல் ஆகியிருக்கும். புதுச் செட்டை மாட்டிவிட்டு ‘கரகர’ என்று கேட்டால் பழி செட்டின் மேல்தான் விழும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் டெக்கிலிருந்து கழற்றி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று தெளிவாகக் கேட்டால் உயிர் இருக்கிறது; உராய்வது போலக் கேட்டாலோ ஒன்றும் கேட்காவிட்டாலோ மாற்ற வேண்டியதுதான். இதே சோதனையில் கூம்பு முன்னே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட ஒயரே ஸ்பீக்கரின் பிளஸ். அதில் ஒரு டேப் சுற்றி அடையாளம் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு பக்க ஸ்பீக்கர் நேராகவும் மறுபக்கம் மாறியும் இணைந்தால் மிருதங்கமும் தவிலும் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஒலிக்கும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒயரை இழுத்து, மறுமுனையை வண்டியின் பாடியிலேயே எர்த்தாகக் கொடுத்திருப்பார்கள். அக்காலத்து டெக்குகளுக்கு அது பொருந்தியது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஆம்ப்ளிஃபயரின் ஓட்டம் இருக்கிறது. மைனஸ் முனை பாடியில் பட்டால் உள்ளே இருக்கும் ஐ.சி. எரிந்துபோகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர் தனித்தனியாக வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள்.

ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இவற்றில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆயினும் செட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தையே இறுதியாகக் கொள்ளுங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். வண்டியோடு வந்த கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் செருகியை, வெட்டி எறிய விடாதீர்கள்; அதற்குப் பொருந்தும் மாற்றுக் கப்ளர் கிடைத்தால் அதை வாங்கிச் செருகுவதே நல்லது.

உங்கள் 4,000 ரூபாயில் செட்டுக்கு 2,000, ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு 1,200, மீதி ஒயருக்கும் கூலிக்கும் என்று நான் பிரிப்பேன். பழைய ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் அந்தத் தொகையையும் செட்டிலேயே போடலாம்.

கேள்வி: எங்கள் பழைய காரில் இரண்டு மாதத்துக்கு முன் புளூடூத் செட்டு வைத்தோம். அதன்பின் வண்டியை மூன்று நாள் எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி புதிது. செட்டு காரணமாக இருக்குமா?
– பட்டுச் சேலை வியாபாரி, ஆரணி

பதில்: பெரும்பாலும் அதுவே காரணம், அதிலும் செட்டைவிட, அதை இணைத்த கையைத்தான் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மஞ்சள் ஒயர் நேரத்தையும் ஸ்டேஷன்களையும் நினைவில் வைக்க மட்டும் சில மில்லிஆம்பியர் எடுக்கும். சிவப்பு ஒயர் சாவியோடு சேர்ந்து அணைய வேண்டும். அவசரத்தில் இரண்டையும் முறுக்கி ஒரே இடத்தில் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. சாவி இல்லாமலே பாட்டு கேட்கலாமே என்று உரிமையாளரே அப்படிக் கேட்டு வாங்குவதும் உண்டு. பிறகு முகப்புப் பொத்தானை அணைத்தாலும் செட்டு அரைத்தூக்கத்தில் விழித்தே இருக்கிறது. அது 300 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 72 மணி நேரத்தில் 21.6 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணியாக இருக்கும்போது ஸ்டார்ட்டர் எப்படிச் சுழலும்?

உறுதிசெய்துகொள்ள, எல்லாவற்றையும் அணைத்துக் கதவுகளையும் மூடியபின், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் ஓட்டத்தில் மீட்டர் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குள் காட்டினால் குறை இல்லை. அதற்கு மேல் காட்டி, செட்டின் ஃபியூஸை எடுத்தவுடன் இறங்கினால், சிவப்பு ஒயரைச் சாவிச் சுவிட்சின் ஆக்சசரி முனைக்கு மாற்றினால் போதும். செட்டை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘கீ…’ என்று ஒரு ஒலியும் கூடவே ஏறுகிறது. செட்டு பழுதா?
– ஆட்டோ உதிரிபாகக் கடை ஊழியர், ஆற்காடு

பதில்: இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலி, நாம் பேச்சில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. எர்த் சரியில்லாத செட்டு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கறுப்பு ஒயரை எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெயின்ட் பூசிய திருகிலோ துருப்பிடித்த தகட்டிலோ இருந்தால், பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, வளையம் வைத்த முனையோடு இறுக்குங்கள். பத்து ரூபாய்க்கு முடிகிற இந்த வேலையிலேயே பெரும்பாலான கீச்சொலி நின்றுவிடும். செல்போனை வண்டியிலேயே சார்ஜில் போட்டு, ஆக்ஸ் ஒயர் (செல்போனின் ஒலியைச் செட்டுக்குக் கொண்டுபோகும் ஒயர்) வழியே பாடவிடும்போது மட்டும் ஒலி வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் இந்த வேலையைச் செய்வதுண்டு. எஃப்.எம்.மில் மட்டும் ‘டக் டக்’ என்று வந்தால் அது ஸ்பார்க் பிளக் ஒயரின் குற்றம்.

கேள்வி: என் காரில் எஃப்.எம். மட்டும் உள்ள பழைய செட்டு நன்றாகவே இருக்கிறது. அதை எடுக்காமல், சிகரெட் லைட்டரில் செருகும் 400 ரூபாய்ப் புளூடூத் கருவியை வைத்துக்கொள்ளலாமா?
– தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆம்பூர்

பதில்: வைத்துக்கொள்ளலாம், எதையும் வெட்ட வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. அந்தக் கருவி செல்போனின் பாட்டை வாங்கி, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரு காலியான இடத்தில் குட்டி வானொலி நிலையமாக ஒலிபரப்புகிறது. உங்கள் செட்டு அதைப் பிடிக்கிறது. ஆம்பூருக்குள் காலியாக இருந்த இடம், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியை நெருங்கும்போது காலியாக இராது. அங்கே ஒரு விளம்பரம் உங்கள் பாட்டின் மேல் ஏறி உட்காரும். செட்டின் பின்புறம் ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இருந்தால், அதில் செருகும் சிறிய புளூடூத் ரிசீவர் இதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: என் லாரியில் கார் செட்டு வைக்க, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
– லாரி உரிமையாளர், ராணிப்பேட்டை

பதில்: சரியன்று. 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகளும் தொடராக இணைந்து ஒன்றாகவே சார்ஜ் ஆகின்றன. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது எப்போதும் இறங்கியே இருக்கும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் போகும். 24இலிருந்து 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரை, குறைந்தது 10 ஆம்பியர் அளவில் வாங்கிப் பொருத்துங்கள்.

கேள்வி: காரில் புளூடூத் வழியாகப் பேசும்போது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பதாக எதிர்முனையில் சொல்கிறார்கள். அதோடு, வீட்டில் நான் இருக்க, என் கணவர் வண்டியை எடுத்தவுடன் எனக்கு வரும் அழைப்பு காரில் ஒலிக்கிறது. என்ன செய்வது?
– மருத்துவமனைச் செவிலியர், காட்பாடி

பதில்: மலிவான செட்டுகளில் மைக், முகப்பிலேயே ஊசித்துளை அளவில் இருக்கிறது; உங்கள் வாய்க்கும் அதற்கும் நடுவே ஸ்டியரிங்கும் ஏ.சி. காற்றும் நிற்கின்றன. செட்டின் பின்னால் வெளி மைக் செருகும் துளை இருந்தால், ஒயர் மைக் ஒன்றை வாங்கி, முன் கண்ணாடி ஓரத்துத் தூணில் உங்கள் முகத்தைப் பார்த்தபடி ஒட்டுங்கள். துளை இல்லாத செட்டில் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி. விசிறியைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்துப் பேசுவதை, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலாகவே கருதுகிறது. முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகையால் மைக்குக்குச் செய்யும் செலவை வீண் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது தொல்லைக்குக் காரணம், உங்கள் செல்போனைச் செட்டு நினைவில் வைத்திருப்பதுதான். புளூடூத் பத்து மீட்டர் அளவுக்கு எட்டும் என்பதால், வாசலில் நிற்கும் வண்டிக்கும் சமையலறை மேடையில் இருக்கும் செல்போனுக்கும் தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது. உங்கள் செல்போனின் புளூடூத் பட்டியலில் காரின் பெயரைத் திறந்து, ‘அழைப்புகள்’ என்பதை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் விட்டுவையுங்கள். அதன்பின் நீங்கள் ஓட்டும் நாளில் பாட்டு வரும், அழைப்பு வராது. ஓட்டும்போது அழைப்பும் வேண்டுமென்றால் அதை அணைக்காமல், வீட்டில் இருக்கும் நேரத்தில் செல்போனின் புளூடூத்தையே அணைத்து வையுங்கள்.