மூச்சை ஏன் ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்?

விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டியிருக்கும்போது மூச்சையும் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணத்தான் வேண்டுமா என்று, செவிலியர் பயிற்சியில் இருக்கும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் எண்ண வேண்டும். ஆக்சிமீட்டர் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அந்த அளவைத் தக்கவைக்க உடல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைக் காட்டாது. கடும் கிருமித்தொற்றுக்கு ஆளான ஒருவருக்கு ஆக்சிஜன் 97 சதவீதமாகவும் இரத்த அழுத்தம் இயல்பாகவும் இருக்கும்போதே, மூச்சு நிமிடத்துக்கு 26 ஆக உயர்ந்திருக்கக்கூடும். உடலில் சேரும் அமிலத்தை ஈடுகட்ட நுரையீரல் கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே அறிய, பிரிட்டனில் 2017இல் திருத்தப்பட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம்), மூச்சு 25ஐ எட்டினாலோ 8க்கு இறங்கினாலோ, அந்த ஓர் அளவுக்கே உச்சமான 3 மதிப்பெண் தரப்படுகிறது.

எண்ணப்போவதை நோயாளியிடம் சொல்லிவிட்டால் அவரை அறியாமலே மூச்சின் போக்கு மாறிவிடும் என்பதால், நாடித்துடிப்பை எண்ணி முடித்த பின்னும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல், மார்பு ஏறி இறங்குவதைக் கவனித்து எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு விடுபட்டாலும் கணக்கில் நான்கு குறைந்துவிடும். எண்ணாமலே பழக்கத்தில் 18 என்று எழுதிவைப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அந்த எண்ணை நம்பித்தான் இரவுப்பணி மருத்துவர் முடிவெடுக்கிறார்.